கதவைச் சாத்திக் கலக்கிய பால்

பேருந்தில் டிக்கெட் செக்கராக வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: மாட்டிக்கொண்டவர்கள், இன்னும் மாட்டாதவர்கள். என் மச்சினன் இரண்டாவது வகை என்று அவன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே எனக்குத் தெரியும்.

ஓடுகிற பேருந்திலிருந்து இறங்கப் போய்த் தாடையை உடைத்துக்கொண்டு நான் வீட்டில் கிடந்தேன். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டார்கள். ஆகாரமெல்லாம் ஸ்ட்ரா வழியாகத்தான். பல்லிடுக்கில்தான் பேசுவேன் என்பதால், நான் எந்நேரமும் கோபமாக இருப்பதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றும். கோபமாகத்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் என் எடையைப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் குறைஞ்சிருக்கு. புரதம் போதவே இல்லை. எலும்பு எதை வச்சு ஒட்டும்? அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா அட்மிட் பண்ணி மூக்குல குழாய் போட்டுருவேன்."

"டின் டின்னா புரதப் பவுடர் தீருது டாக்டர். பருப்பு, பாதாம் எல்லாம் அரைச்சுத்தான் குடுக்கிறேன்," என்றாள் என் மனைவி.

டின் காலியாகிறது, ஆனால் என் உடம்பில் ஒட்டவில்லை. அப்படியானால் வேறு யார் உடம்பிலோ ஒட்டுகிறது. காலையும் மாலையும் ஜிம்முக்குப் போய்வருகிற மச்சினனின் புஜம், வந்த நாளிலிருந்து பூரித்துக்கொண்டே போகிறது. அவன் அக்காவான என் மனைவியும் இதற்கு உடந்தை. இல்லாவிட்டால் எனக்குப் பால் கலக்கும்போது மட்டும் சமையலறைக் கதவை ஏன் சாத்திக்கொள்கிறாள்? கட்டிய புருஷன் மூக்கில் குழாயோடு கிடந்தாலும் பரவாயில்லை, தம்பிக்கு உடம்பு தேறினால் போதும் போலிருக்கிறது. நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. எரிவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

வீடு திரும்பியதும் மச்சினனைக் கூடத்தில் மடக்கினேன்.

"ஊது."

"என்ன மாமா?"

"வாயை ஊதுடா."

திருதிருவென்று விழித்தபடி ஊதினான். என் பவுடர் வெனிலா. அவனிடம் அடித்ததோ பற்பசை வாசனை. மத்தியான வேளையில் பல் தேய்ப்பவனை நம்ப முடியுமா?

"மாமா, நான் குடிக்கிறது சாக்லேட். தனியா வாங்கி வச்சிருக்கேன். வேணும்னா என் பெட்டியைத் திறந்து பாருங்க."

பெட்டியைப் பார்க்கச் சொல்கிறவன் சரக்கை வேறு இடத்தில் வைத்திருப்பான். எத்தனை பயணிகளைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மிக்ஸி ஓடியது. அது நின்றதும் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் போய்க் கதவைத் தள்ளினேன்.

மனைவி ஒரு மெல்லிய துணியில் என் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள். துணியை முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள். டம்ளரில் விழுந்தது கழுநீர் மாதிரி இருந்தது. அரைத்த பாதாமும், கொதிக்கிற பாலில் கொட்டியதால் கட்டிகட்டியாகத் திரண்ட பவுடரும் துணிக்குள் உருண்டையாகத் தங்கிவிட்டன. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பருப்புச் சக்கை. பின்வாசலில் அடுத்த வீட்டுப் பூனை, கொழுத்து மினுமினுப்பாக, உரிமையோடு உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்றே நீ?"

"வடிகட்டாம எப்படிக் குடுக்கிறது? பார்த்தா, வாங்கினதையெல்லாம் பூனைக்குக் கொட்டுறேன்னு குதிப்பீங்க. அதான் கதவைச் சாத்தினேன்."

"அந்தச் சக்கையிலதான் எல்லாமே இருக்கு! இத்தனை நாளா எனக்கு வெறும் தண்ணியா?"

"ஒரு சின்னக் கட்டி தொண்டையில சிக்கினா? வாந்தி வந்தா? வாயைத் திறக்க முடியுமா உங்களால?" அவள் குரல் உடைந்தது. நைட்டிப் பையிலிருந்து ஒரு கட்டிங் பிளையரை எடுத்துக் காட்டினாள். "வீட்டுக்கு அனுப்புறப்போ நர்ஸ் குடுத்தாங்க. மூச்சு முட்டினா கம்பியை நானே வெட்டணுமாம். வெட்டத் தெரியுமான்னு கேட்டாங்க, தெரியும்னு சொல்லிட்டேன். தெரியாதுங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவளையா சந்தேகப்பட்டேன்?

"எப்பவும் கூடவேவா வச்சிருக்கே? நான் தூங்குறப்போகூடவா?"

"நீங்க தூங்குறப்போதான்."

துணியில் இருந்ததை மறுபடி மிக்ஸியில் போட்டு, ஆறின பாலை ஊற்றி, நைசாக அரைக்கச் சொன்னேன். அவள் மனசில்லாமல் அரைத்தாள். கட்டி எதுவும் இல்லை, ஆனாலும் கெட்டியாகத்தான் வந்தது.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்ட்ராவை உதட்டில் வைத்தேன். அவள் எதிரே வந்து நின்று பிளையரைத் திறந்து பிடித்தாள்.

"மெதுவா," என்றாள்.

முதல் மிடறை விழுங்கினேன். எதிரே, வெறும் வாயோடு அவளும் விழுங்கினாள்.