ஏழாம் பீப்பாயின் சாய்வு

ஹெட்விக் ஹாய்ஃப்லரின் நிலவறையில் இருந்த ஏழாம் பீப்பாய் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இனிப்பைத் துப்பியது. மாலையில் அவள் ஊற்றிய இருபது லிட்டர் திராட்சைச் சாறு, காலையில் சொட்டுக் குறையாமல் வாளிக்குத் திரும்பியிருந்தது. மறுநாளும் ஊற்றினாள், மறுநாளும் திரும்பியது. மூன்றாம் நாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேலே வந்து பயறு வேகவைத்தாள்.

ஜெர்மனியின் நெக்கர் ஆற்றுச் சரிவில் அவள் கணவன் ஒய்கன் கடைசியாகச் செய்த ஒயின் அந்தப் பீப்பாயில் இருந்தது. லெம்பெர்கர் திராட்சை, கறுத்த சிவப்பு, இனிப்பென்பது மருந்துக்கும் இல்லை. ஒரு வாய் குடித்தால் நாக்கு உலர்ந்து அடுத்த கவளத்தைத் தேடும். பிப்ரவரியில் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தவன், கல்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்துபோனான். கத்தரி கையிலேயே இருந்தது. அந்த வருடங்களில் எங்கும் இனிப்பு ஒயினுக்குத்தான் கிராக்கி. ஊர்க் கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றிலும் சாறு கலந்தது. ஒய்கன் மட்டும் தன் ஏழு பீப்பாயில் இந்த ஒன்றை வருடாவருடம் கொடுக்க மறுத்துவந்தான். அவனைப் புதைத்து ஆறு வாரம் ஆனதும் சங்கத் தலைவர் பென்சிங்கர் வந்து, பீப்பாயை இனிப்பாக்கித் தரவேண்டும், இல்லாவிட்டால் இந்த அறுவடையில் அவள் தோட்டத்துத் திராட்சை ஒரு கூடைகூடச் சங்கத்துக்குள் நுழையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பயந்துதான் ஹெட்விக் அந்தச் சாற்றை ஊற்றினாள். பீப்பாய்க்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் திராட்சை வளர்ப்பவர் வருடத்தில் சில வாரம் வாசலில் ஒரு துடைப்பத்தைத் தொங்கவிட்டு, சொந்த ஒயினையும் வீட்டுச் சாப்பாட்டையும் விற்கலாம். துடைப்பம் தொங்கினால் யாரும் உள்ளே போகலாம். ஹெட்விக் மாட்டுத்தொழுவத்தைக் கழுவி நாற்பது நாற்காலி போட்டாள். ஒய்கனின் முற்றம் கூட்டும் துடைப்பத்தையே வாசலில் கட்டினாள்.

முதல் குவளையிலேயே ஒயின் சாய்ந்து நின்றது. மேசை சரியாக இருந்தது, குவளையும் நேராக இருந்தது. ஒயின் மட்டும் வினிகர் விட்ட பயறும் புகையிட்ட சாசேஜும் இருந்த தட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. வெங்காயம் வறுத்துப் போட்ட மாட்டிறைச்சி வந்தபோது அந்தப் பக்கம் திரும்பியது. மான் கறிக்கு விளிம்புவரை ஏறியது. வேகவைத்த மீனைச் சட்டை செய்யவில்லை. ஒரு வாரத்தில் வாடிக்கையாளர்கள் உணவுப் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குவளையைப் பார்த்துச் சாப்பாடு கேட்கத் தொடங்கினார்கள்.

பத்தாம் நாள் பென்சிங்கர் தன் மனைவி செய்த க்ரீம் கேக்கைக் கையோடு கொண்டுவந்து, தொழுவத்தின் நடுமேசையில் உட்கார்ந்தார். சின்ன வயதில் இருவரும் ஒரே வகுப்பு.

"ஊரே இனிப்பு கேக்குது ஹெட்விக். செத்தவன் நாக்குக்கா ஒயின் விக்கப்போற?"

"உன் நாக்குக்கு இல்ல தலைவரே, அது மட்டும் நிச்சயம்."

அவர் கேக்கைக் குவளைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். ஒயின் பின்வாங்கியது. இன்னும் நகர்த்தினார். அது மறுபக்க விளிம்பைத் தாண்டி, அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில் இறங்கியது. தொழுவம் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் எழுந்து, ஒரு கூடைகூட வாங்கமாட்டோம் என்றார்.

"வாங்காத. இனிமே ஏழு பீப்பாயும் இப்படித்தான் வரும். உங்க பாட்டில்ல எங்க பேர் வேண்டாம்."

அந்த இலையுதிர்காலத்தில் அவள் தன் திராட்சை முழுவதையும் ஒய்கனின் பழைய பிழிபொறியில் பிழிந்தாள். தோள் இறங்கிப்போனது, ஏழு பீப்பாயும் நிறைந்தன. எதிலும் சாறு ஊற்றவில்லை.

ஒய்கனின் முதல் நினைவுநாளில் சுவரோரம் ஒரு தட்டில் பயறு வைத்து, அவன் நாற்காலியைப் போட்டாள். அன்று நாற்பது குவளைகளில் இருந்த ஒயினும், முன்னால் என்ன தட்டு இருந்தாலும், அந்தச் சுவரோரம் சாய்ந்தது. தச்சன் ஒருவன் எழுந்து, மேசைக் கால்களுக்கு ஆப்பு வைத்துத் தருவதாகச் சொன்னான்.

"மேசைக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் ஹெட்விக். "உக்காந்து சாப்பிடுப்பா."

பதினைந்து வருடம் கழித்து இனிப்பு ஒயினை யாரும் சீண்டாமல் போனபோது பென்சிங்கரும் துடைப்பம் பார்த்து வந்தார். மான் கறி கேட்டார். குவளையில் ஒயின் அவர் பக்கமும் சாய்ந்தது. ஹெட்விக் இறந்த பிறகு சுவரோரம் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன. அந்த வீட்டில் குவளையை முக்கால் மட்டும்தான் நிரப்புகிறார்கள். ஏனென்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.