வயிற்றுப் பக்கத்து ஒட்டு

பல்செட் செய்கிறவளுக்கு விமானம் செய்யத் தெரியாதா என்ன? ஊரில் பாதிப் பேர் மென்று தின்பது அவள் கைவேலையை வைத்துத்தான். அப்பேர்ப்பட்டவள் நான்கு மாதமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தைக்கூட விடாமல், பெரியப்பா வேலை பார்த்த சரக்கு விமானத்தை முழ நீளத்தில் செய்துகொண்டிருந்தாள்.

"அதுக்கும் பல் கட்டிடாத," என்று புருஷன் கிண்டலடித்தான்.

பெரியப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய பிரிவின் பழைய ஆட்கள் வருஷம் ஒருமுறை கூடுவார்கள். அழைப்பு வந்தால் அதை டிராயரில் போட்டு மூடிவிடுவார். "ஓட்டினவங்க கூடுற இடத்துல, துடைச்சவனுக்கு என்னம்மா வேலை?" என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷன் கை படாமல் அந்த விமானம் ஓரடி எழும்பியிருக்குமா? இந்த வருஷம் விமானத்தைக் கையில் கொடுத்து ஆளையும் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

முடித்த அன்றே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். இறக்கையைப் பார்ப்பார், மூக்கைப் பார்ப்பார் என்று அவள் காத்திருக்க, அவரோ எடுத்த எடுப்பில் அதைக் குப்புறக் கவிழ்த்தார். பதினொரு வருஷம் அடியில் படுத்துக் கிடந்தவர், வேறெங்கே பார்ப்பார்? வயிற்றுப் பக்கம் முத்துப் பல் போல வழவழவென்றிருந்தது. அவளுடைய தொழில் புத்தி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என்னோடது இல்லம்மா."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "எது குறையுதுன்னு சொல்லுங்க பெரியப்பா. சொல்லாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

விமானத்தை மடியில் கவிழ்த்தபடியே சொன்னார். போர்க்களத்துக்குப் பக்கத்தில் இறங்கிய இடத்தில் குண்டு பட்டு விமானத்தின் வயிற்றில் ஓட்டை. ஏற்ற வேண்டிய காயம்பட்டவர்கள் பத்தொன்பது பேர். தகடு கையிருப்பில் இல்லை. பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, ரிவெட் ஆணி அறைந்து, மேலே சாம்பல் நிறம் பூசிவிட்டார். சட்டப்படி அது பெரிய குற்றம். பைலட்டிடம் மூச்சு விடவில்லை.

"அவருக்கே தெரியாம அவர் உயிரை ஒரு டப்பா மூடியில தொங்க விட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போறது?"

டிராயர் கதை அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பல் வேலைக்கு வைத்திருந்த மெல்லிய தகட்டில் அரிசிக் குருணை அளவு வெட்டினாள். "ஒட்டவா, வேணாமா?"

அவர் விமானத்தை அவள் பக்கம் நீட்டினார். "ஒட்டு. வர்றேன். சொல்லிட்டே வந்துடுறேன்."

கூட்டத்தில் அந்த பைலட் கைத்தடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா விமானத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தார். "சார், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். இந்த இடத்துல..."

"பிஸ்கட் டப்பா மூடிதானே?"

பெரியப்பா ஒட்டின் மேல் வைத்த விரலை எடுக்காமல் பைலட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிப்பக்கம் பெயின்ட் அடிச்சீங்க. உள்பக்கம் விட்டுட்டீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன், பிஸ்கட் பேரு பளிச்சுன்னு தெரிஞ்சுது."

அடியிலேயே கிடந்தவருக்கு உள்ளே ஏறிப் பார்க்கத் தோன்றவேயில்லை.

"அப்புறம் எப்படி சார் ஓட்டினீங்க?"

"யார் ஒட்டினதுன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க. ஏறி உட்கார்ந்து கிளப்பிட்டேன்."

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பெரியப்பா," என்றாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவர் வரவில்லை. விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி மேசை மேசையாகப் போய், அந்த ஒட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.