தலைவரின் பதினோராவது ராஜினாமா

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, புறாகூட உள்ளே வராதபடி பல்கனிக்கு வலையடித்த ஆறாம் மாடி பிளாட் ஒன்றில் இருந்துகொண்டுதான் சிவபாதசுந்தரம் இலங்கையின் காட்டு மிருகங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தி வந்தார். வனவிலங்குச் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கத்துக்கு அவர் ஸ்தாபகத் தலைவர். சங்கத்தின் கடிதத்தாளில் இடதுபக்க மூலையில் ஒரு சிறுத்தை நின்றது. அது ஆபிரிக்கச் சிறுத்தை என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். சங்கம் உடனே அவருக்கு அங்கத்துவப் படிவம் அனுப்பி வைத்தது. அதன்பிறகு அவரும் அதை இலங்கைச் சிறுத்தை என்றே சொல்லத் தொடங்கினார்.

தலைவரைப் பற்றி சங்கத்தின் கைநூலில் ஒரு பக்கம் உண்டு. ‘தனியன் யானை ஒன்றை இமைக்காத பார்வையாலேயே நிறுத்தியவர்’ என்று அது தொடங்கும். அதில் முழுப் பொய் எதுவும் இல்லை. யானை உண்மை. அவர் நின்றதும் உண்மை. ஆனால் அது எண்பத்தேழாம் ஆண்டு பெரஹரா ஊர்வலம் ஒன்றுக்குக் கொண்டுவந்து, தெருவோரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த யானை. கப்பல் கம்பனிக் கந்தோருக்கு வேலைக்கு நடந்துகொண்டிருந்த சிவபாதசுந்தரத்தின் கையிலிருந்து அது சோற்றுப் பார்சலைப் பறித்துத் தின்றது. தின்று முடியும்வரை அவர் அசையவில்லை, அசைய முடியவில்லை. மனைவி கனகேஸ்வரி கட்டிக்கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பு அவருடைய உயிரைக் காப்பாற்றியது என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே, ஆண்டுக்கு ஆண்டு, யானையின் காலிலிருந்த சங்கிலி கழன்றது, பாகன் மறைந்தான், தெரு ஒற்றையடிப் பாதையானது, வருடத்துக்கு ஒரு மரமாகச் சுற்றிவரக் காடு முளைத்தது.

அந்தக் காட்டுக்குள் தன்னைக் கொண்டுபோய் இறக்குவார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

இரண்டாயிரத்து மூன்று. சண்டை நின்று, வெள்ளைக்காரர்கள் மறுபடி விமானத்தில் வந்து இறங்கத் தொடங்கிய வருடம். ஜேர்மனியிலிருந்து ஆறு சுற்றுலா முகவர்கள் வருவதாகவும், சங்கத் தலைவரோடு யால காட்டுக்குள் மூன்று நாள் கூடாரத்தில் தங்க விரும்புவதாகவும் கடிதம் வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரிக்குக் கீழே கறுப்பு மையால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள்: ‘தலைவர் முன் ஜீப்பில் அமர்ந்து விலங்குகளை அடையாளம் காட்டுவார்.’ புறப்பாடு வியாழக்கிழமை.

“இஞ்சேருங்கோ, அதுக்குள்ள கதவு இருக்குமோ?” என்றாள் கனகேஸ்வரி.

“எதுக்குள்ள?”

“ஜீப்புக்குள்ள.”

“கதவு இல்லாத ஜீப்பாம். வடிவாப் பாக்கலாமாம்.”

“ஆர் ஆரை?”

அவர் தெருநாய்க்குப் பயந்து குடையில்லாமல் கீழே இறங்காத மனிதர். போன மாதம் சமையலறைக்குள் ஒரு உடும்புக்குட்டி ஏறி வந்தபோது கதிரைமேல் நின்று காவல்கார வாச்சரைக் கூப்பிட்டவர். அறுபத்தெட்டு வயதில், பிறஷர் குளிசையோடு, கதவில்லாத ஜீப்பில் முன்னால் இருப்பதா? விலகிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதிலேயே விலகிவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல் இருந்தது. அவர் ஒவ்வொரு ஆண்டும் விலகிக்கொண்டுதான் இருந்தார்.

முதலாம் ஆண்டு முடிவில் அந்த முறையை ஏற்படுத்தியவரே அவர்தான். பதவியைப் பிடித்துத் தொங்குகிறார் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, கூட்டத்தின் கடைசியில் எழுந்து, “உடம்பும் முந்தி மாதிரி இல்லை, இளம் ஆக்கள் வரவேணும்” என்பார். சபை “வேண்டாம், வேண்டாம்” என்று கத்தும். இரண்டாம் தரமும் சொல்வார். முன்வரிசையில் இருக்கும் மிஸ் கொன்ஸ்ரன்ஸ் கண்ணைத் துடைப்பார். மூன்றாம் தரம் சொல்லும்போது குரல் தளரும். அந்தத் தளர்வைக் கேட்டதும் செயலாளர் நோபேட் மேசைக்கடியில் நனைத்த துணி சுற்றி வைத்திருக்கும் மாலையை எடுப்பார். தலைவர் கழுத்தைத் தாழ்த்துவார். பிறகு வடையும் பிளேன்டீயும். பத்து வருடம் இது ஒரு சொல் பிசகாமல் நடந்தது.

சனிக்கிழமை காலை நோபேட்டுக்குப் போன் எடுத்தார். நோபேட் கொட்டாஞ்சேனையில் வான் வாடகைக்கு விடுகிறவர். சங்கத்தில் காட்டுக்கு மிகக் கிட்டப் போனவர் அவர்தான்.

“நோபேட், நாளைக்கு நான் உண்மையாவே விலகிறன்.”

“ஓம் தலைவர், தெரியும் தானே. மாலைக்குச் சொல்லிட்டேன். இந்த முறை ரோசாவும் வச்சு.”

“அப்பிடி இல்லை. மெய்யாவே.”

“அதான் சொல்றேன் தலைவர். போன முறையும் மெய்யாவே எண்டுதானே சொன்னீங்க? ஹோல் ஃபுல்லா அழுதிச்சி.”

“எனக்கு உடம்பு சரியில்லை நோபேட்.”

“அதுவும் சொல்லுங்க. அதைச் சொல்லாட்டி சனம் என்னமோ எண்டு நினைக்கும்.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் வலைக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பல்கனி வலை இவ்வளவு நெருக்கமாக அடித்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தார்.

ஞாயிறு, சைவக் கடையின் மேல்மாடி மண்டபம். அங்கத்தவர்கள் முப்பத்தாறு பேர். விசிறிகள் இரண்டு, சுற்றுவது ஒன்று. மேடையில் தலைவருக்கு வலப்பக்கம் நோபேட், இடப்பக்கம் பொருளாளர் ஆதப்பன். செட்டியார் தெருவில் கடை. சங்கத்தின் புலிப்படம் போட்ட கழுத்துப்பட்டியை, தோளில் போட்ட அங்கவஸ்திரத்தோடு சேர்த்து, அவர் ஒருவர்தான் கட்டுவார். இலங்கையில் புலி இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. கனகேஸ்வரி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஜேர்மன் கடிதத்தை நோபேட் வாசித்தார். கைதட்டு மழையாகப் பெய்தது. கூடாரம் என்ற சொல்லுக்குத் தனியாகத் தட்டினார்கள். பிறகு தலைவர் எழுந்தார்.

“நான் விலகிறன்,” என்றார்.

“வேண்டாம்! வேண்டாம்!”

“எனக்கு ஏலாது. டொக்டரும் சொல்லிப்போட்டார்.”

“தலைவர் இல்லாட்டிச் சங்கம் இல்லை!”

“இது சும்மா சொல்லுற கதை இல்லை. தயவுசெய்து கேளுங்கோ.”

“ஐயோ சேர், அப்பிடிச் சொல்லாதீங்க,” என்று கொன்ஸ்ரன்ஸ் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார். அவர் கொட்டாஞ்சேனையில் விமான டிக்கெட் விற்பவர். லேஞ்சிக்கு இரண்டாம் தரம்தான் முறை என்று அவருக்குத் தெரியும். தலைவரின் நடிப்பும் இந்த ஆண்டு அவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்றாம் தரம். சிவபாதசுந்தரத்தின் குரல் தளர்ந்தது. பயத்தில் தளர்ந்தது, ஆனால் தளர்ந்ததும் நோபேட்டின் கை மேசைக்கடியில் போய்விட்டது. மாலை மேலே வந்தது. தலைவர் கழுத்தைத் தாழ்த்தவில்லை. நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளாலும் மாலையைத் தடுத்துப் பிடித்தார்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பத்து வருடத்தில் இப்படி நடந்ததில்லை. ஆதப்பன்தான் முதலில் விளங்கிக்கொண்டவர் போல நோபேட்டின் காதில் குனிந்தார்.

“மாலை மட்டும் போதாதுங்கறார் போல. அடுத்த தடவைக்கு ஒரு பொன்னாடையும் வாங்கிடுவோம். இப்ப என்னோட அங்கவஸ்திரத்தைப் போடுவோமா?”

“எனக்குப் பொன்னாடை வேண்டாம்!” என்று தலைவர் கத்தினார். மைக் கீச்சிட்டது. “நான் காட்டைக் கண்டதே இல்லை!”

மைக் அடங்கும்வரை எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

“அந்த ஆனை கட்டிக்கிடந்த ஆனை. என்ரை சோத்துப் பார்சலைத்தான் திண்டது. நான் நிப்பாட்டேல்லை, நான் விறைச்சுப்போய் நிண்டனான். யாலவுக்கு நான் போனதில்லை. கதிர்காமத்துக்கு ஒருக்காப் போனனான், காட்டு வழி முழுக்க பஸ்ஸிலை நித்திரை. மானும் மரையும் கண்டா எனக்கு வித்தியாசம் தெரியாது. என்னை விடுங்கோ.”

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், “என்ன அடக்கம்!” என்றார். கைதட்டு எழும்பியது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். சிவபாதசுந்தரம் மேசையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லி உள்ளே வந்த வாசலால், உண்மையைச் சொல்லி வெளியே போக முடியவில்லை.

நோபேட் மட்டும் தட்டவில்லை; கையில் மாலை இருந்தது. கிட்ட வந்து கேட்டார்.

“தலைவர், மெய்யாவா?”

“மெய்யா.”

“ஒருக்காக்கூட இல்லையா?”

“ஒருக்காக்கூட.”

அதைக் கேட்ட ஆதப்பன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “அப்ப வியாழக்கிழமை ஜீப்புல யார் போறது?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் மைக் திறந்திருந்தது.

கைதட்டு விட்டு விட்டு நின்றது. சங்க விதி ஒன்பது எல்லாருக்கும் மனப்பாடம்: தலைவர் பதவி வெற்றிடமானால் செயலாளர் பொறுப்பேற்பார். முப்பத்தாறு பேரும் நோபேட்டைப் பார்த்தார்கள். நோபேட் தன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். சற்று முன்னர்வரை அது அவருக்கு அவ்வளவு பாரமாகத் தெரியவில்லை.

“நான் யால கேற்றோட சரி,” என்றார் நோபேட் அவசரமாக. “சத்தியமா. டூரிஸ்டைக் கேற்றடியில ஜீப்புக்கு மாத்திட்டு, வானுக்குள்ள படுத்துருவேன். உள்ளுக்குப் போனதே இல்ல. ஆதப்பன் அண்ணன் போகலாம் தானே?”

“எனக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் பிடிச்சிரும்,” என்றார் ஆதப்பன். “சிறுத்தை பூனை ஜாதிதானே? நான் தும்மினா எல்லாருக்கும் ஆபத்துங்க.”

“மிஸ் கொன்ஸ்ரன்ஸ்?”

“நான் நுவரெலியாவில குதிரை பார்த்திருக்கேன்,” என்றார் கொன்ஸ்ரன்ஸ். அவர் கண் இப்போது உண்மையாகவே கலங்கியிருந்தது. “அது போதாதா?”

நோபேட் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எந்தத் திசையில் பார்த்தாரோ அந்தத் திசையில் தலைகள் குனிந்தன. ஒருவர் செருப்பைத் தேடினார். இன்னொருவர் நிகழ்ச்சி நிரலை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இலங்கையின் வனவிலங்குகளைப் பதினொரு வருடமாக உலகத்துக்குக் காட்டி வந்த சங்கத்தில் ஒரு முயலையாவது காட்டில் கண்டவர் ஒருவரும் இல்லை என்பது வாக்கெடுப்பு இல்லாமலே தெளிவாயிற்று.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிவபாதசுந்தரத்தை ஆயுட்காலத் தலைவராக்க ஆதப்பன் பிரேரித்தார். அவர் வாக்கியத்தை முடிக்குமுன் கொன்ஸ்ரன்ஸ் வழிமொழிந்தார். ‘ஏகமனதாக’ என்ற சொல்லைச் சங்கம் முன்பும் பலதடவை பாவித்திருக்கிறது; அது உண்மையாக இருந்தது அன்றைக்குத்தான். தலைவரின் பேச்சை என்னவென்று கூட்டறிக்கையில் எழுதுவது என்ற கேள்விக்கு, ‘தலைவர் தன்னடக்கத்தோடு உரையாற்றினார்’ என்று நோபேட் அங்கேயே எழுதி வாசித்தார். விதி ஒன்பதுக்குக் கீழே ஒரு சிறு திருத்தம் சேர்த்தார்கள்: ஆயுட்காலத் தலைவர் விலக முடியாது.

“நான் ஒத்துக்கொள்ளேல்லை,” என்றார் சிவபாதசுந்தரம்.

“மூணு தரம் சொல்லியாச்சு தலைவர்,” என்றார் நோபேட், கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில். “நாலாம் தரம் சொல்ற வழக்கம் இல்ல.”

இருபுறமும் நின்ற இருவர் தலைவரின் தோளில் கைவைத்தார்கள். அன்பாகத்தான் வைத்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. கழுத்து தானாகவே குனிந்தது, பத்து வருடப் பழக்கம். ரோசாவும் வைத்துக் கட்டிய மாலை. கடைசி வரிசையில் கனகேஸ்வரி தட்டவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து போய் வடை இரண்டை ஒரு கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பினால் பிளாட்டில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடியும் மாலையோடு ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து வாழ்த்துச் சொன்னார்கள். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்ததும் கனகேஸ்வரி மாலையைக் கழற்றப் போனாள். வழமையாக அதைச் சுவாமிப் படத்துக்குப் போடுவாள்.

“விடும்,” என்றார்.

“ஏனப்பா?”

“அண்டைக்குக் கையிலை சோத்துப் பார்சல் இருந்தது.” அவர் மாலையின் இதழ் ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். “ஆனை பூத் தின்னுமோ?”

பதினொரு வருடத்தில் மிருகங்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“தின்னும்,” என்றாள். உண்மையில் அவளுக்குத் தெரியாது.

“வியாழக்கிழமை வரைக்கும் வாடாமல் இருக்குமோ?”

அவள் மாலையைக் கழற்றிச் சுருட்டி, ஒரு ஷொப்பிங் பாக்கில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், கத்தரிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். பிறகு யோசித்துவிட்டு மறுபடி திறந்து, கத்தரிக்காய்களை எண்ணிப் பார்த்தாள்.