ஊசி குத்திய கை

இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியபோதும் இடது முழங்கைக்குக் கீழிருந்து ரத்தம் கசிந்தது. தல்ஹா சாச்சா பஞ்சை வைத்தார். எடுத்ததும் ஒரு சிவப்பு இழை மறுபடி பலகையில் ஓடியது.

"இப்படியே கபன் துணி போட முடியாதுடா," என்றார்.

மாடிப்படிக்குக் கீழே போர்வைகளைக் கட்டி மறைத்து மெஹபூப் அலியின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், தம்பியும் மகனும். நதீம் அத்தாவின் கையையே பார்த்தான். ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி ஏறிய கை. நரம்பு புடைத்து, திரித்த கயிறுபோல் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கக் காலையில் ஏற்றிய மருந்து இன்னும் உள்ளே இருந்தது. அத்தா பதினொரு மணிக்கே போய்விட்டார்.

"புகழேந்தி வெளியில நிக்கறாரு. அவருக்குத் தெரியும்."

சாச்சாவின் முகம் சுருங்கியது. "அந்த டெக்னீசியனா? அவன் கவனிக்காம விட்டுத்தான அண்ணன் போச்சு? கிளினிக் மேனேஜரே போன் பண்ணிட்டாரு. அவன் மேல எழுதிக் குடுங்க, வேலைய விட்டுத் தூக்கிடறோம்னாரு."

நதீம் போர்வையை விலக்கிக்கொண்டு போனான்.

சந்தில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்காராமல், இஸ்திரி வண்டியை ஒட்டி நின்றிருந்தான் புகழேந்தி. சட்டையில் மேல் பொத்தான் இல்லை. காலையில் நதீம் கொத்தாகப் பிடித்து இழுத்ததில் தெறித்தது.

"ரத்தம் நிக்கல, புகழ்."

"பஞ்சு வச்சா நிக்காது பாய். அமுக்கிப் புடிக்கணும்."

கைகால் கழுவி, கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பலகையருகே மண்டியிட்டு, ஊசி ஏறிய இரண்டு இடங்களிலும் கட்டைவிரல்களை வைத்து அழுத்தினான். ஒவ்வொரு முறை ஊசியை எடுத்ததும் இப்படித்தான் பிடிப்பான். அந்த நேரத்தில் அத்தா வாய் ஓயமாட்டார். பெரும்பாக்கத்திலிருந்து வரும்போது பைக் மக்கர் பண்ணியதா, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

காலையில் கிளினிக்கில் ஒன்பது மெஷினுக்கும் புகழேந்தி ஒருவன்தான். இன்னொரு டெக்னீசியன் துபாய்க்குப் போய் இரண்டு மாதமாகியும் ஆள் போடவில்லை. நர்ஸ் லீவு. டாக்டர் போனில்தான் கிடைப்பார். அத்தாவின் உடம்பிலிருந்து மூன்றரை கிலோ தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது, நாலு மணி நேர வேலை.

"மூணு மணி நேரத்துல முடிச்சிடு புகழ். தி.நகர் கடைக்கு லோடு வருது," என்றது நதீம்தான்.

"அவ்ளோ வேகமா எடுத்தா தாங்க மாட்டாரு பாய்."

"போன மாசம் எடுத்தியே, இன்னா ஆச்சு?"

கோடிப் படுக்கையில் ஒரு மெஷின் அலறியது. வாதாட நேரமில்லாமல், நேரத்தைக் குறைத்து வைத்துவிட்டு அங்கே ஓடினான் புகழேந்தி. நதீம் கடைக்குப் போன் பேச வெளியே போனான். திரும்பி வந்தபோது புகழேந்தி அத்தாவின் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தான்.

நதீம் சட்டையைப் பிடித்தபோதுகூட, அவசரப்படுத்தியது யார் என்று அவன் சொல்லவில்லை. மேனேஜர் கத்தியபோதும் சொல்லவில்லை.

கால் மணி நேரம் கழித்து விரல்களை எடுத்தான். கசியவில்லை. பஞ்சை மடித்து வைத்து இறுகக் கட்டினான். அதற்குள் அவன் போன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியிருந்தது. எடுத்துப் பார்த்தான்.

"கிளினிக்லேர்ந்து. அஞ்சு மணி ஷிப்டுக்கு ஆள் இல்லியாம்."

"உன்னத்தான் தூக்கப் போறதா சொன்னாங்க?" என்றார் சாச்சா.

"நாளைக்குத் தூக்குவாங்களோ இன்னாவோ. இன்னிக்கு ஒம்போது பேரு வந்து ஒக்காந்துகினு கீறாங்க பாய்."

எழுந்தான்.

"சாச்சா," என்றான் நதீம். "நேரத்தக் கொறைக்கச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

சாச்சாவின் கையில் சொம்பு அப்படியே நின்றது. புகழேந்தி யாரையும் பார்க்காமல் போர்வைக்கு வெளியே போய்ச் செருப்பைத் தேடினான். உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி ஆறிப்போவுது," என்றார் சாச்சா. "தலயப் புடி."

நதீம் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டான். சந்தில் ஒரு பைக் உதைபட்டு, இருமி, கிளம்பிப் போனது. சாச்சா ஊற்றத் தொடங்கினார்.

"காதுக்குள்ள தண்ணி போவாம பாத்துக்கோ."

நதீம் உள்ளங்கையைக் குவித்து அத்தாவின் காதை மூடினான்.