கறிக்கடைக்காரர் வீட்டு டோஃபு

கறிக்கடைக்காரர் கத்தியை எடுத்தால் எலும்பே ஒதுங்கி வழிவிடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்த ஒரே மகள் கறியைக் கண்டால் காத தூரம் ஓடுகிறாள். சிரிக்காதீர்கள். அவர் இடத்தில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. கறியை மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கிறதாம், வாசனை வயிற்றைப் புரட்டுகிறதாம். சரி, பிடிக்கவில்லை என்றால் விட்டுத்தொலைக்க வேண்டியதுதானே? விட்டாரா? ஊருக்கே கறி வெட்டிக் கொடுக்கிறவன் வீட்டுப் பிள்ளை கறி தின்னாதா என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போன வருஷம் ஒருநாள் உருளைக்கிழங்கு கட்லெட்டுக்குள் கொத்துக்கறியை நைசாக ஒளித்துவைத்துக் கொடுத்தார். வாண்டு இரண்டு கட்லெட்டை ரசித்துச் சாப்பிட்டாள். மூன்றாவதில் கடக்கென்று ஏதோ பல்லில் மாட்டியது. விரலால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, உருளைக்கிழங்குக்கு எலும்பு இருக்குமா?"

"பெரிய உருளைக்கிழங்கா இருந்தா இருக்கும்மா."

உலகத்தில் எத்தனை பொய் இருக்கிறது, இந்தப் பொய்தானா மனுஷனுக்குக் கிடைத்தது! அன்றோடு சரி. அப்பா கை பட்ட எதையும் வாண்டு வாயில் வைப்பதில்லை. அவர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அம்மா சமைத்து அம்மா பரிமாறினால் மட்டும் தட்டு காலியாகும்.

இந்த லட்சணத்தில்தான் அம்மாவுக்கு வெளியூரில் ஒரு வாரம் பயிற்சி வந்து சேர்ந்தது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போகாமல் இருக்க முடியாது.

"டோஃபு வாங்கி ஏதாவது செஞ்சு கொடுங்க" என்றாள், பெட்டியை மூடிக்கொண்டே. "சோயாவுல செய்றது. கறி சாப்பிடாத பிள்ளைக்குச் சத்து வேணும்ல?"

"எனக்கா சமைக்கத் தெரியாது? நீ கிளம்பு" என்றார் கறிக்கடைக்காரர்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரியம்மா, அதாவது நர்ஸின் அக்கா, களுக்கென்று சிரித்தாள். இரண்டு தெரு தள்ளி தையல் கடை வைத்திருப்பவள். குரல் மட்டும் இங்கேவரைக்கும் கேட்கும்.

"தம்பி, சும்மா சவடால் விடாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள உங்க கையால அவ சாப்பிட்டிருக்கணும். இல்லேன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவேன். தங்கச்சி வர்ற வரைக்கும் என் வீட்டுலதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாண்டுவின் துணிமணியை ஒரு பையில் அடைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டும் போனாள். கறிக்கடைக்காரருக்கு அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை தன் கையால் ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்று வேறு வீட்டுக்குப் போவதா? அதைவிடக் கடையை இழுத்து மூடிவிடலாம்.

எதிர்வரிசைக் காய்கறிக் கடைக்குள் அவர் நுழைந்ததைப் பார்த்துக் கடைக்காரம்மா தராசை அப்படியே விட்டுவிட்டாள்.

"என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"டோஃபு இருக்காம்மா?"

குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து வைத்தாள். அவர் ஒன்றைக் கையில் வாங்கி அமுக்கினார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்தப் பாகம்?"

"பாகமெல்லாம் கிடையாதுண்ணே. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒண்ணுதான்."

"எலும்பு?"

"அண்ணே, நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க. அப்படியே பாகற்காய் புதுசா வந்திருக்கு, தரட்டுமா?"

பாகற்காய் என்றதும் அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. அந்தக் காயைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு கசக்கும். "அதை ஆடுகூடத் திங்காதும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்கும் பாகற்காய்க்கும் ஆகாது என்பது தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாண்டுவுக்கு நன்றாகவே தெரியும்.

கடைக்கு மேலேதான் வீடு. சமையல்கட்டில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். அங்கே கட்டையைப் போட்டு, டோஃபுவை அதன்மேல் வைத்து, பழக்கதோஷத்தில் வெட்டுக்கத்தியை ஓங்கி ஒரு போடு போட்டார். தொப். பாதி டோஃபு கட்டையில் ஒட்டிக்கொண்டது, கால்வாசி சுவர்க் காலண்டரில் போய் அப்பிக்கொண்டது, மிச்சம் அவர் மீசையில். கிடைத்ததை வழித்து மசாலாவில் போட்டு, கறியைக் கிண்டுகிற அதே வேகத்தில் கிண்டினார். கடைசியில் சட்டியில் கிடந்தது கஞ்சியா களியா என்று அவருக்கே தெரியவில்லை.

வாண்டு தட்டுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். பிறகு அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அப்பா, உன் கையே கறி வாசம் அடிக்குது."

அவர் ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினார். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். அதுவும் போதாதென்று பற்பசையைப் பிதுக்கிக் கையில் பூசினார். "இப்ப?"

"இப்ப பல்லு விளக்கின கறி வாசம்."

அன்று இரவு வாண்டு வாழைப்பழமும் ரொட்டியும்தான் சாப்பிட்டாள். பழம் தோலோடு வருவதால் அதை நம்பினாள். கறிக்கடைக்காரர் மிச்சமிருந்த இன்னொரு பாக்கெட்டை வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டில், ஐஸ் உறைகிற இடத்தில் திணித்தார். யோசித்துச் செய்ததல்ல. நாள் முடிந்ததும் மிஞ்சியதை உறையவைப்பது அவர் கைக்கு ஊறிப்போன வேலை.

மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்தால் டோஃபு செங்கல்லாகக் கிடந்தது. நிறம்கூட மஞ்சள். போச்சுடா என்று தலையில் கைவைத்தார். தூக்கி எறிய மனசு வராமல் வெந்நீரில் போட்டார். இளகியதும் பிழிந்தார். ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரெல்லாம் வெளியே வந்து, உள்ளே சின்னச்சின்ன ஓட்டையோடு, பிய்த்தால் அடுக்கடுக்காகப் பிரிந்தது.

"அட! இதுக்கு நார் இருக்கே!"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? நார் என்று ஒன்று இருந்துவிட்டால் அது அவருடைய ராஜ்ஜியம். நாருக்குக் குறுக்கே சின்னக் கத்தியால் அரிந்தார், லேசாகத் தட்டினார், பூண்டும் மிளகும் சோயா சாஸும் போட்டு ஊறவைத்தார், தக்காளியை வதக்கி அதில் புரட்டி எடுத்தார். கடைப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நல்லவேளை, மதியத்துக்கு மேல் கூட்டம் கிடையாது. வாசனை மாடிப்படி வழியாகத் தெருவுக்கு இறங்கியபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ரொட்டியும் பழமும் தின்ற வயிறு. வாசனை அவளை இழுத்தது.

"டோஃபுதானே?"

"சத்தியமா டோஃபு."

முகர்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் மென்றாள். பிறகு தாடை அசையாமல் நின்றது, கண்ணில் மளமளவென்று தண்ணீர் கட்டியது.

"இது கறி."

"இல்லம்மா!"

"அதே மாதிரி இழுக்குது. மறுபடியும் ஏமாத்திட்ட." கையில் துப்பித் தட்டோரம் வைத்தாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா படியேறி வந்தாள். வந்ததும் வராததுமாகச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடடடா! என்ன பதமா வெந்திருக்கு! ஏன் தம்பி, இத்தனை வருஷமா உங்க கடையில வாங்குறேன், இப்படி ஒரு கறிய எனக்குக் கண்ணுல காட்டினீங்களா?"

முடிந்தது கதை. அவர் சமையலை யாராவது பாராட்டமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறார். இந்தப் பாராட்டுக்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

"அக்கா, அது டோஃபு!"

"யார்கிட்ட கதை விடுறீங்க? பல்லு முளைச்சதுல இருந்து கறி திங்கறவ நான்."

அவர் குப்பைத்தொட்டியைக் கிளறிப் பாக்கெட் உறையைக் கொண்டுவந்து காட்டினார். "அது வெறும் உறை" என்றாள் வாண்டு. அதுவும் நியாயம்தான். அவள் ஆணியைப் பார்த்தாள், பெரியம்மா பையை எடுத்தாள், வாண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டாள்.

கறிக்கடைக்காரருக்கு அதற்குமேல் வீம்பு இல்லை. மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வாண்டு, ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் போ. உருளைக்கிழங்குக்கு எலும்பு கிடையாது."

அவள் திரும்பினாள். "எவ்வளவு பெரிய உருளைக்கிழங்கா இருந்தாலும்?"

"எவ்வளவு பெருசா இருந்தாலும் கிடையாது. அப்பாதான் பொய் சொன்னேன்."

வாண்டு செருப்பு நுனியால் படியைச் சுரண்டிக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப நான் சமைக்கிறேன். நீ எதையும் தொடக் கூடாது. பெரியம்மா அடுப்பைப் பாத்துக்கணும்."

"நானா?" என்றாள் பெரியம்மா. கேட்பார் இல்லை.

வாண்டுவும் பெரியம்மாவும் போய்ப் புது பாக்கெட் வாங்கி வந்தார்கள். வாண்டு அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம்.

"அது என்னம்மா?"

"அப்புறம் சொல்றேன். நீ கைய கால்சட்டைப் பையில போட்டுக்கோ."

போட்டுக்கொண்டார். சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். ஆனால் வாயை யார் கட்டுவது? "துணியில சுத்தி மேல கனமா ஏதாவது வைம்மா, தண்ணி வடியட்டும்." பெரியம்மாவின் கைப்பைதான் கனம், அதற்குள் தையல் கத்திரிக்கோல் கிடந்தது. வாண்டு அதைத் தூக்கி வைத்தாள். பிறகு டோஃபுவைப் பலகையாக அரிந்து, பாட்டில் மூடியால் அமுக்கி அமுக்கி வட்டம் வட்டமாக எடுத்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி வந்தது. சோளமாவில் உப்புப் போட்டுப் பிசிறினாள். "அமுக்காத, மெதுவா உருட்டு" என்றார் அப்பா, கால்சட்டைப் பைக்குள் விரல்கள் துடிக்க. ஒரு கட்டத்தில் வாண்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பூனால் என்னவோ தோண்டி என்னவோ அடைத்தாள். எட்டிப் பார்த்தவருக்கு அதட்டல்தான் கிடைத்தது.

பெரியம்மா ஒரு கையால் பொரித்துக்கொண்டே மறுகையால் அப்பா செய்த டோஃபுச் சட்டியைக் காலிபண்ணிக்கொண்டிருந்தாள். "கறின்னா இதுதான் கறி" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டாள். அவளைத் திருத்த யாருக்கும் தெம்பில்லை.

பொன்னிறமாக வந்த பொத்தான்களைத் தக்காளி சாஸிலும் தேனிலும் புரட்டி, ஒன்றைக் கடித்தாள் வாண்டு. மொறுக்கென்று சத்தம் கேட்டது. உள்ளே வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது.

"இழுக்கல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்புறம் தட்டில் பேச்சே இல்லை, மொறுக் மொறுக் என்ற சத்தம்தான். பிள்ளை வயிறு நிறைவதைப் பார்க்கக் கறிக்கடைக்காரருக்குக் கண்ணெல்லாம் நிறைந்தது. ஆனாலும் ஒரு மூலையில் வலித்தது.

பெரியம்மா அந்த மூலையைத்தான் தொட்டாள். "சாப்பிட்டா, சரி. ஆனா நான் சொன்னது உங்க கையால, தம்பி."

பை வாசலருகே காத்திருந்தது. பேச்சு பேச்சுதானே.

வாண்டு தட்டோரத்தில் தனியாக ஒதுக்கிவைத்திருந்த ஒரு பொத்தானை எடுத்தாள். "அப்பா, வாயத் திற."

திறந்தார். மென்றார். முதலில் மொறுமொறுப்பு, அப்புறம் இனிப்பு, அதற்கப்புறம் நாக்கில் ஒரு கசப்பு இறங்கிற்று பாருங்கள்! முகம் கோணிப்போயிற்று. வாண்டு மூக்குக்கு நேரே நின்று உற்றுப் பார்த்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இல்லம்மா. கசக்குது. உள்ள பாகற்காய் வச்சிருக்க."

"அப்ப ஏன் துப்பல?"

"நீ ஊட்டினதாச்சே." கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"எனக்கும் அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு."

"இப்பத்தான்மா தெரியுது."

வாண்டு தட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு பொத்தான் மிச்சம். "கைய வெளிய எடு" என்றாள். எடுத்தார். வலது கையை இழுத்துப் பிடித்து, உள்ளங்கையில் மூக்கை வைத்து நன்றாக முகர்ந்தாள்.

"இன்னும் அடிக்குது."

அவர் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். அவள் விடவில்லை. கையைப் பிடித்தபடியே வாயை ஆவென்று திறந்து நின்றாள்.

எலும்பை வழிவிடச் செய்த விரல்கள், அந்தப் பொத்தானை எடுப்பதற்குள் இரண்டு தடவை நழுவவிட்டன. ஒருவழியாக ஊட்டினார். வாண்டு மொறுமொறுவென்று மென்றாள். பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"கறி வாசம் வருதாம்மா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"வருது" என்றாள் வாண்டு. "இன்னும் கொஞ்சம் செஞ்சு குடு."