பல்லவி இல்லாத பாட்டு

கீர்த்தனிக்கும் ஹஸனுக்கும் ஒரே ஒரு பாட்டால் பெயர் வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் வைத்து இருவரும் செய்த மூன்று நிமிடக் காதல் பாட்டு. திருகோணமலையில் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அதுதான். பாடிப் பாடிக் கீர்த்தனிக்கு அலுத்துவிட்டது. கிட்டாரை எடுத்தாலே விரல்கள் தாமாக அந்த மெட்டுக்குப் போய் நின்றன. எரிச்சலாக வந்தது.

ஆறு மாதமாக அவள் வேறொன்றில் கிடந்தாள். துறைமுகத்தில் கப்பல் ஊதும் சுருதியைப் பிடித்து, அதற்கு ஒத்தும் ஒவ்வாமலும் மீட்டினாள். பதினொரு நிமிடம். பல்லவி கிடையாது.

"இத ஆரு கேக்கிற?" என்றான் ஹஸன். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டிப் பயிற்சிக்கு வருகிறவன். "அந்தப் பாட்டு மாதிரி இன்னும் நாலு குடுத்தா ஆல்பம் போடுறன் எண்டு யோகலிங்கம் சேர் சொல்லியிரிக்காரு. சனிக்கிழமை கொழும்பில இரிந்து வாறாரு. நான் வேலய உட்டுட்டு வந்திரிக்கன், கீர்த்தனி."

"அந்த மாதிரி இன்னொண்டு என்னால ஏலாது. அது தானா வந்தது."

சனிக்கிழமை மாலை, உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் கடற்கரை மேடை. காதல் பாட்டு முடிந்ததும் கூட்டம் அதையே திரும்பக் கேட்டது. முன்வரிசையில் யோகலிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார். கீர்த்தனி ஹஸனைப் பார்த்தாள். அவள் நினைப்பது புரிந்து, அவன் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் புதியதைத் தொடங்கிவிட்டாள்.

மூன்றாம் நிமிடத்தில் கூட்டம் கரைந்தது. யாரோ கேலியாகக் கூக்காட்டினார்கள். ஐந்தாம் நிமிடத்தில் யோகலிங்கம் எழுந்து போனார். கீர்த்தனி ஒரு சுரத்தைத் தவறவிட்டாள். நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோது முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் கேட்டது. ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காத பாட்டுக்கு ஹஸன் தாளம் தேடினான், தவறினான், பிறகு பிடித்துக்கொண்டான். முடித்தபோது பத்துப் பன்னிரண்டு கதிரைகளில்தான் ஆட்கள் இருந்தார்கள்.

வயர்களைச் சுற்றும்போது அவன் சொன்னான்: "சேர் மெசேஜ் போட்டிரிக்காரு. வேற குழுவுக்கு டிரம்ஸ் வேணுமாம். நான் போறன்."

"ஓம்," என்றாள்.

"ஏழாவது நிமிசத்தில நீ தாளத்த முந்தி ஓடுறாய். அதில கொஞ்சம் நில்லு."

"நிண்டு பார்க்க நீ வேணுமே."

"ஞாயிறுல வாறன்."

மூன்று ஞாயிறு வந்தான். நாலாவது ஞாயிறு வரவில்லை. மத்தியானம் வரை பார்த்திருந்துவிட்டு, கீர்த்தனி தனியாகவே பதிவு செய்தாள். அவன் வாசிக்க வேண்டிய இடங்களை வெறுமையாகவே விட்டாள். கேட்டுப் பார்த்தாள், பிடித்திருந்தது. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து, கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தி, வேறு சுருதிக்கு மாற்றத் தொடங்கினாள்.