விசிலுக்கு விட்ட இடம்

வடமதுரைக் கல்யாண மண்டபத்தில் கச்சேரி தொடங்குமுன், தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று பாடகன் ஈஸ்வர் கீபோர்டு வாசிக்கும் மாலதியிடம் கேட்டான். மேடைதோறும் கிடாரோடு அவன் அழுதுகொண்டே பாடும் மெதுவான ராக் பாட்டு அவளுக்காக எழுதியதாம்.

"டிரம்ஸ், எக்கோ ஒண்ணும் இல்லாம பாடு, பாப்போம்."

பாடினான். குரல் மேலேறி உடைந்தது, கண்ணீர் வந்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று பாட்டை நிறுத்தி, கைகளை விரித்து நின்றான்.

"ஏப்பா, யாருக்காக நிக்கிற?"

"இந்த எடத்துல விசிலடிப்பாங்க, பழகிருச்சு. எழுதுறப்ப நெசமாவே அழுதேன் மாலதி."

"நம்புறேன். அன்னைக்கே வந்து கேட்டிருந்தா சரின்னுருப்பேன்" என்றவள், கீபோர்டுக்கு வயரைச் சொருகப் போனாள்.